யில்டாவின் போனில் ஈரம்

துடைத்து முடித்த பிறகும் மேஜையில் ஈரம் இருந்தது.

ஹெஸல் துணியைப் புரட்டிப் போட்டு இன்னொரு தடவை துடைத்தான். ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பழைய பொருள்களை இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுக்கும் சனிக்கிழமைகளில் ஊர் மண்டபத்து மேஜைகளில் காப்பி சிந்துவதும் சர்க்கரை ரொட்டி உதிர்வதும் சகஜம்தான். ஆனால் இது காப்பி இல்லை. யாரோ பூப்போட்ட கைக்குட்டையில் சுற்றி அவன் இடத்தில் வைத்துவிட்டுப் போன பொட்டலத்தின் அடியிலிருந்து, அவசரமே இல்லாமல், சாம்பல் நிறத்தில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

பிரித்தான். உள்ளே ஒரு போன். திரை முழுக்க விரிசல். சாதாரணமாகக் கீழே விழுந்த போன் மூலையிலிருந்துதான் உடையும், சிலந்திவலை மாதிரி அங்கிருந்து விரியும். இதில் விரிசல் நட்ட நடுவில், குதிரை லாடம் போல வளைந்து கிடந்தது. அதைப் பார்த்ததுமே ஹெஸலின் வலது குதிகால் சில்லிட்டது. அது எந்தக் குதிகாலின் அடையாளம் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

காப்பி மேஜையருகே அவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தவள் திரும்பினாள். சிட்ஸ்கா. யில்டாவின் அம்மா. ஒரு கையில் காப்பி, மறு கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. வந்து அவன் பக்கத்து நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"என்ன ஹெஸல், இளைச்சுட்ட? கடல் வத்தின சேத்துல நீ நடத்திக் கூட்டிட்டுப் போற டவுன்காரங்க உன்னை எலும்பாக்கிட்டுத்தான் விடுவாங்க போல."

"நல்லாத்தான்மா இருக்கேன். இது... யாரு போன்?"

"தெரியாத மாதிரிக் கேக்கற. பின்னாடி ஆட்டுக்குட்டி ஸ்டிக்கர் இருக்கு பாரு. இந்த ஊர்ல அவளைத் தவிர வேற யாரு அதை ஒட்டுவா?" ரொட்டியைக் கடித்துக்கொண்டாள். "இறால் வலையில மாட்டுச்சாம். படகுக்காரன் வீட்டுல கொண்டாந்து கொடுத்தான். கழுத்துல மாட்டுற பிளாஸ்டிக் பைக்குள்ளயே இருந்துச்சு, பை கொஞ்சங்கூடக் கிழியல."

யில்டாவின் உடம்பு இன்றுவரை கிடைக்கவில்லை. முந்தின வருஷத்து இலையுதிர் காலத்தில், கடல் வற்றிக் கிடந்த ஒரு மதியம், அவள் தனியாகச் சேற்றுவெளிக்குப் போய் கடல் ஏறியபோது சிக்கிவிட்டாள் என்றுதான் போலீஸ் எழுதியது, பாதிரியார் ஜெபித்தார், ஊர் நம்பியது. அவள் தனியாகப் போகவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் ஹெஸல். வழிகாட்டி உரிமம் இல்லாமல் யாரையும் அங்கே அழைத்துப் போகக் கூடாது. அவனுக்கு அப்போது பரீட்சை முடிந்து, உரிமம் மட்டும் கைக்கு வராமல் இருந்தது. அதற்குள் பெருமை பீற்றிக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. மூடுபனி இறங்கியது. கால்வாய் ஓரத்துக் களிச்சேற்றில் அவள் இடுப்புவரை புதைந்தாள். அவன் கை கொடுத்து இழுத்தான், அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இழுக்க இழுக்க அவனும் இறங்கினான். பயந்து கையை உதறினான். அவள் அவன் காலைப் பிடித்தாள். அந்தக் காலை விடுவிக்க இன்னொரு காலால் அவள் நெஞ்சில் மிதித்தான், அங்கே தொங்கிய போனில். கரையேறிய பிறகாவது உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் உரிமம் போயிருக்கும். காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான், கடல் நிறையும் வரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஹெஸல் மறைத்தான். மறைத்து, அதன் மேல் குழம்பும் ஊற்றிச் சாப்பிட்டான்.

இப்போது அந்தப் போன். உள்ளே அவன் படம் இருக்கலாம். காணொளி இருக்கலாம். மூடுபனிக்குள் நடந்து விலகும்போது பின்னால் ஒரு சின்ன வெளிச்சம் உயர்ந்ததை அவன் பார்த்திருந்தான். அங்கே சிக்னல் கிடையாது, அவள் எதையும் அனுப்பியிருக்க முடியாது. பதிவு செய்ய சிக்னல் எதற்கு? இந்தத் திரை ஒளிர்ந்தால் அவன் பிழைப்பு, வீடு, பெயர் எல்லாம் இந்த மேஜையிலேயே முடிந்தது.

"ரொம்ப அடி வாங்கிருக்கு," என்றான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பொறுமையாப் பாக்கறேன்மா."

"அதெப்படி? பொருளைக் கொண்டாந்தவங்க பக்கத்துலயே உக்காந்திருக்கணும், வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. அந்தா, போர்டு தொங்குது. நீ எழுதின போர்டுதான்."

"போலீஸ்ல கொடுத்தா இன்னும்..."

"கொடுத்தா பெட்டியில போட்டுப் பூட்டி வைப்பாங்க. நீ இன்னிக்கே பண்ணிடுவ. கை சுத்தமான பையன்னு ஊரே சொல்லுது." பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தாள். "புது டிஸ்ப்ளே, பேட்டரி, எல்லாம் வாங்கியாச்சு. நீ ஆரம்பி."

ஆரம்பித்தான். வேறு வழி? அடுத்த மேஜையில், அவனைப் போலவே பழுது பார்க்க வரும் பாக்கே ஒரு பழைய வாக்குவம் கிளீனரைப் பிரித்துப் போட்டு அதோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே காலைப் பனி, கடலணையின் புல்வரை வெள்ளையாக இறங்கியிருந்தது. ஹெஸல் சூட்டுக் காற்று ஊதும் கருவியைப் போனின் ஓரங்களில் காட்டினான், பசை இளகட்டும் என்று. பசை வாடை வரவில்லை. கடல் பின்வாங்கிய பிறகு சேற்றிலிருந்து கிளம்புமே, அழுகின முட்டையும் உப்பும் பாசியும் சேர்ந்த அந்த நாற்றம், காற்று படப்படக் கண்ணாடிக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்து, காப்பி வாசனையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அவன் மூக்கிலும் தொண்டையிலும் படிந்தது. சிட்ஸ்கா ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வாடை வரவில்லையா, அல்லது பழகிவிட்டதா என்று அவனுக்குப் புரியவில்லை.

உடைந்த திரையை நெம்பித் தூக்கி, பழைய பேட்டரியையும் கழற்றி ஓரமாக வைத்தான். உள்ளே உலர்ந்துதான் இருந்தது. ஒரு துளி துருகூட இல்லை. ஆனால் மேஜையிலிருந்து நீர் இப்போது விளிம்பைத் தாண்டித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஹெஸல்," பாக்கே எட்டிப் பார்த்தான், "காப்பி குடிக்கத்தான்டா கொடுத்தாங்க. குளிக்கவா கொடுத்தாங்க?"

யாரோ சிரித்தார்கள். ஹெஸலும் சிரிக்க முயன்றான். காலணிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது, பாதம் மரத்துப்போயிருந்தது. அந்தக் குளிர் ஊர் மண்டபத்துக் குளிர் இல்லை.

சிட்ஸ்கா காப்பியை ஊதிக் குடிக்கத் தலையைக் குனிந்த நேரத்தில் அவன் செய்ய நினைத்ததைச் செய்தான். இரும்பு ஊசியை எடுத்து, போர்டின் நடுவில், மூளை மாதிரி இருக்கும் கறுப்புச் சில்லின் மேல் வைத்து அழுத்தினான். நறுக்கென்றது. இன்னொரு முறை. சில்லு பொடியானது விரலில் தெரிந்தது. இனி இந்த உலகத்தில் எந்தக் கொம்பனாலும் அந்தப் போனை எழுப்ப முடியாது. அவளை இரண்டாவது தடவை கொன்றதற்குக் கொஞ்சம்கூட வருத்தம் வரவில்லை அவனுக்கு. மூச்சுத்தான் வந்தது, நிம்மதியாக.

"போர்டு போயிடுச்சும்மா. உப்பு அரிச்சிருக்கு. ஒன்னும் தேறாது."

"புது டிஸ்ப்ளேயைப் போட்டுப் பாரு."

"போட்டாலும்..."

"போட்டுப் பாரு. பாத்துட்டு நாம ரெண்டு பேரும் எழுந்து போகலாம்."

போட்டான். செத்ததற்குப் புதுச்சட்டை போடுவதில் அவனுக்கு என்ன நஷ்டம். நாடா ஒயரைச் சொருகி, கண்ணாடியைப் பதித்து, பேட்டரிக்குக் கையை நீட்டினான்.

திரை ஒளிர்ந்தது.

பேட்டரி இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருந்தது. ஹெஸல் அதைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். டிஸ்ப்ளே மாற்றினால் கடைசியாக ஒரு சோதனை செய்வார்கள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். விரலால் தேய்த்துக்கொண்டே போனால் தொட்ட கட்டம் பச்சையாகும். தொடுகையை உணராத இடம் வெள்ளையாகவே நிற்கும். அந்தச் சோதனைப் பக்கம் தானாக வந்து நின்றது. அவன் விரல்கள் அந்தரத்தில் இருந்தன.

நடு வரிசையில் ஒரு கட்டம் பச்சையானது.

பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. ஐந்து புள்ளிகள். அவற்றுக்குக் கீழே ஒரு திட்டு, உள்ளங்கை அகலத்துக்கு. ஒரு கை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் கை அழுந்தி, வழுக்கி, மறுபடி அழுந்தியது. அதற்கு மேலே இரண்டாவது கை. இரண்டும் திரையெங்கும் தடவித் தடவித் தேடின, இருட்டில் கதவைத் தேடுகிற மாதிரி. தடவின இடமெல்லாம் பச்சை.

"டச் நல்லா வேலை செய்யுது," என்றாள் சிட்ஸ்கா.

"அம்மா, இது டிஸ்ப்ளே கோளாறு. சில சமயம் தானா..."

"கிடைச்ச நாள்லேர்ந்து ராத்திரி பூரா தட்டறா, ஹெஸல். உடஞ்ச கண்ணாடி வழியா சரியாத் தெரியல. நான் கையை வச்சா விலகிப் போறா. தண்ணிப் பாத்திரத்துல வச்சேன், அவ படுக்கையில வச்சேன். எதுக்கும் வெளிய வரல. ஊர்ல உள்ளவங்க பேரா ஒவ்வொண்ணாச் சொன்னேன், உன் பேருக்குத்தான் கை நின்னுச்சு, அப்புறம் புரிஞ்சுச்சு." குரலில் கோபம் இல்லை. கோபம் எப்போதோ வெந்து இறுகிக் கல்லாகியிருந்தது. "உன்னைத்தான் கேக்கறா. கை கொடு அவளுக்கு."

எழுந்தான். எழ நினைத்தான். பாதங்கள் வரவில்லை. குனிந்து பார்த்தான். மண்டபத்துத் தரை, அதே பழைய மெழுகுத் தரை, அவன் கணுக்காலைச் சுற்றி மடிந்து மூடியிருந்தது.

"பாக்கே," என்றான். வாக்குவம் கிளீனர் அந்த நேரம் பார்த்து உயிர்பெற்று உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

சிட்ஸ்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வாழ்நாளெல்லாம் மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்த கை. அவன் திமிறினான். பிடி அசையவில்லை. மெதுவாக, ஒரு குழந்தைக்கு எழுத்துப் பழக்குகிற பொறுமையோடு, அவன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

புதுக் கண்ணாடி. வழவழப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும்.

இளகியிருந்தது.

விரல்கள் இறங்கின. களி. குளிர்ந்த, கனமான, உறிஞ்சுகிற களி. அதற்குள் இன்னொரு கை காத்திருந்தது. பற்றியது. விரலோடு விரல் கோத்து.

மணிக்கட்டு போனது. முழங்கை போனது. உள்ளங்கை அகலப் போன். எப்படி நுழைகிறது என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. இன்னொரு கையை மேஜையில் ஊன்றி இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

"அப்படித்தான்," என்றாள் சிட்ஸ்கா. "இழு. விட்டுடாத. இன்னும் கொஞ்சம்."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இழுக்க இழுக்க, அவன் இறங்கினான்.

இழுக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. உள்ளிருந்த கை அவன் கையை விட்டு, முழங்கையைப் பிடித்தது. பிறகு தோளைக் கட்டியது. ஏறிக்கொண்டிருந்தது. அவன் கன்னம் கண்ணாடியில் மோதியது. ஒரு கண் உள்ளே அமிழ்ந்தது. அந்தக் கண்ணுக்கு மூடுபனி தெரிந்தது. மைல் கணக்கில் சேறு. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அகலமாகிக்கொண்டே. கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வெளியே இருந்த கண்ணுக்கு மண்டபம் தெரிந்தது. வாக்குவம் கிளீனரை அணைத்துவிட்டுப் பாக்கே திரும்பிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

ஹெஸலின் சட்டைக் காலரில் ஈரமான விரல்கள். சாம்பல் நிறச் சேறு அப்பிய விரல்கள். நகங்களில் சிப்பி. அவன் காதை உரசிக்கொண்டு தலைமுடி மேலே வந்தது, சொதசொதவென்று, கனமாக. பிறகு நெற்றி. பிறகு சேறு அடைத்த வாய். திறந்த கண்கள். அவனை ஒரு விரல் தூரத்திலிருந்து பார்த்த கண்கள்.

அவன் வாய் கண்ணாடிக்குள் போனது. கத்தினான். உப்பு நுழைந்தது.

சிட்ஸ்கா எழுந்து நின்று, தன் கோட்டைக் கழற்றி, குளித்து வரும் குழந்தைக்குத் துண்டு விரிப்பது போல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.