மூழ்கக் கூடாத கோள்

காலை ஒன்பதே கால். கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த கல்லைத்தான் காணவில்லை. சிவப்புத் துணியில் அது உட்கார்ந்திருந்த பள்ளம் மட்டும் மிச்சம். வானத்திலிருந்து விழுந்த இரும்புக் கல் அது. பார்க்க ஒரு மாம்பழ அளவு. தூக்கினால் கை தாழ்ந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது அந்த விண்வெளிக் கண்காட்சிக் கூடத்தில் நாலு பேர் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தார்கள். கல்லைக் கூடத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சியாளர். விளக்கு மாட்ட வந்த அவருடைய தம்பி. கோள்களைப் பந்துகளாகச் செய்து தந்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் பந்துக்காரர். நாலாவது ஆள் காவலாளி. எட்டு மணிக்குக் கல் இருந்தது. அதற்குப் பிறகு வாசல் திறக்கவில்லை. பைகள், கருவிப் பெட்டி, குப்பைத் தொட்டி, கழிவறை எல்லாம் தேடியாகிவிட்டது.

பெட்டியின் சாவி காவலாளியிடம்தான் இருந்தது. நிர்வாகி இரண்டு முறை போன் செய்துவிட்டார். பதினொரு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்களாம். அதற்குள் அந்த ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட வேண்டுமாம். குற்றவாளி யார் என்பதில் அவருக்கு மட்டும் குழப்பமே இல்லை.

இன்ஸ்பெக்டருக்கோ எல்லாமே குழப்பம்.

"சாவிய எங்க வெச்சிருந்தீங்க?"

"தரை துடைக்கறப்ப மேசைமேல வெச்சேன் மேடம். யார் வேணா எடுத்திருக்கலாம். ஆனா பழி எம்மேலதான் விழும்." இந்த வயதில் இந்த வேலையும் போனால் வேறு யார் தருவார்கள் என்று கேட்டார் காவலாளி. பிறகு, சம்பந்தமில்லாமல், பந்து துடைக்கிற மஞ்சள் துண்டையும் காணோம் என்றார். முந்தின நாள் சாயங்காலம் கூடத்து நடுவிலுள்ள கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பந்துகளை ஒத்திகை பார்த்தார்களாம். அதில் பந்துக்காரரிடம் ஒரு டீ பந்தயம் தோற்றாராம். என்ன பந்தயம் என்று கேட்பதற்குள் நிர்வாகி மூன்றாம் முறையாக அழைத்தார்.

பந்துக்காரர் தன் வேலையைப் பற்றி மட்டுமே பேசினார். ஒவ்வொரு பந்தும் இரண்டு பாதி, நடுவே ரப்பர் வளையம், திருகி மூடினால் சொட்டு நீர் இறங்காது. கல்லைப் பற்றிக் கேட்டால் மறுபடி ரப்பர் வளையத்துக்கே வந்து நின்றார்.

தம்பி அதிகம் பேசவில்லை. காலையில்தான் வந்தாராம். நட்சத்திரமாகத் தொங்குகிற பெரிய பந்தைத் திறந்து உள்ளே பல்பு மாட்டினாராம். நேற்றைய ஒத்திகைக்கு அக்கா கூப்பிட்டும் ஏன் வரவில்லை என்றதற்கு, கடையில் வேலை இருந்தது என்றார்.

பத்தரை ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கோள்கள் இருந்த அலமாரிப் பக்கம் போனார். இருந்ததிலேயே பெரிய பந்து, கறுப்பும் சிவப்புமாகப் பூசியது, கால்பந்தைவிடக் கொஞ்சம் சின்னது. அதன்மேல் கை வைத்தார்.

"பாத்து மேடம், அது கனம்," என்றார் தம்பி.

கனமாகத்தான் இருந்தது. பெரிய பொருள், கனமாக இல்லாமல் எப்படி இருக்கும்? அதைக் கையில் ஏந்திக்கொண்டே இது என்ன கோள் என்று ஆராய்ச்சியாளரிடம் கேட்டார். அந்த அம்மாவின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக வெளிச்சம் வந்தது. தூரத்து நட்சத்திரம் ஒன்றை ஒட்டிக்கொண்டே சுற்றுகிற ராட்சதக் கோள் இது, அங்கே நாலு நாளில் ஒரு வருஷம் முடிந்துவிடும் என்றார். எப்போதும் ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டுமாம். அந்தப் பக்கம் இரவே கிடையாது, மறுபக்கம் பகலே கிடையாது. அந்தச் சூட்டில் இரும்புகூட ஆவியாகிவிடுமாம். நாலு நாளைக்கு ஒரு வயது கூடினால் எந்த ஊரில் குடும்பம் நடத்த முடியும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது.

"அந்தச் சூட்டுல காத்து மாதிரி உப்பிப் போச்சு மேடம். ஆள்தான் பெருசு, சரக்கு கம்மி. தொட்டியில விடுங்க, மிதக்கும்," என்றார் ஆராய்ச்சியாளர்.

இன்ஸ்பெக்டர் விட்டார். பந்து நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

பந்துக்காரரும் ஆராய்ச்சியாளரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பந்துக்கு வேண்டிய எடையை நீங்கள்தான் தப்பாகக் கொடுத்தீர்கள் என்றார் பந்துக்காரர். நேற்று மிதந்ததே என்றார் ஆராய்ச்சியாளர். காவலாளியும் சேர்ந்துகொண்டார்: முழுகும் என்று சொல்லித்தானே நான் டீயைத் தோற்றேன். பிள்ளைகள் வர அரை மணிகூட இல்லை, கல்லும் போச்சு, இப்போது கோளும் போச்சு என்று ஆராய்ச்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தன் நெற்றியில் லேசாகத் தட்டிக்கொண்டார்.

"கல்லு அதுக்குள்ளதான் இருக்கு. ஆடாம இருக்க மஞ்சத் துண்டைச் சுத்தி வெச்சிருக்கு," என்றார். "நேத்து இது மிதந்ததப் பாத்தவங்க மூணு பேரு. அவங்க யாரும் இதுல ஒளிச்சு வெக்க மாட்டாங்க. தண்ணில போட்ட உடனே காட்டிக் குடுத்துடும்னு தெரியும். பெருசுன்னா கனமாத்தான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராதுன்னு நினைச்சது இது மிதக்கும்னு தெரியாத ஆளு." அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "பெருசா இருந்தாலும் லேசான பந்து இது. இதைத் தூக்கப் போனப்ப, பாத்து, கனம்னு சொன்னீங்க. அக்கறையாச் சொன்னீங்க தம்பி. நானும் முட்டாத்தனமாத் தலையாட்டினேன்."

தம்பி மறுக்கவில்லை. சாயங்காலம் விளக்கைக் கழற்ற வரும்போது எடுத்துப் போவதாக இருந்தார். கல் அப்பாவுடையது. அப்பா படுக்கையில் இருந்த கடைசி வருஷம் முழுக்கத் தலைமாட்டில் இருந்தது. பார்த்துக்கொண்டது தம்பி, அக்கா மலைமேல் தொலைநோக்கியோடு இருந்தாள். இப்போது அவள் ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

"எங்கிட்ட கேட்டியாக்கா?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அது உங்க ரெண்டு பேர் வழக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆனா இந்தப் பெரியவரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி மூணு தடவ போன் வந்துச்சு. நீங்க நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

தம்பி தலையைத் தொங்கப் போட்டார். காவலாளி மேசையிலிருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்; இனி அதைக் கழற்றுகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

பந்துக்காரர் கோளை வெளியே எடுத்துத் திருகினார். மஞ்சள் துண்டு, அதற்குள் கல். பந்தைத் துடைத்து, மூடி, மறுபடி தண்ணீரில் விட்டார். அது பாதிக்கு மேல் வெளியே தெரிய, மெல்லச் சுழன்றபடி மிதந்தது.

ஸ்டேஷனுக்குக் கிளம்ப இருந்த தம்பி வாசலருகே நின்று திரும்பிப் பார்த்தார்.

"மிதக்குதேக்கா."

"அதைக் காட்டத்தாண்டா நேத்து உன்னக் கூப்பிட்டேன்," என்றாள் அக்கா.