கழற்றி வைத்த டிஸ்க்

கழற்றி மேசைமேல் வைத்த டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வயர் இல்லை, கரண்ட் இல்லை. தேவசிகாமணி காதை வைத்துக் கேட்டான். உள்ளே மெல்லிய ரீங்காரம்.

பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே ஐப்பசி மழை கொட்ட, மத்தியானமே கரண்ட் போய், ஜெனரேட்டரின் டீசல் புகை கதவிடுக்கில் நுழைந்து தொண்டையை அரிக்க, எமர்ஜென்சி விளக்கின் அழுக்கு வெளிச்சத்தில் அவன் ஒருத்தனே உட்கார்ந்திருந்தான். நோயாளிகளின் விவரமெல்லாம் ஐந்து டிஸ்குகளில் பங்குபோட்டுக் கிடந்தது. ஒன்று செத்தால் மற்ற நான்கையும் வைத்து மீட்டுவிடலாம். இரண்டு போனால் எல்லாம் போச்சு. காலையில் ஒன்று செத்தது. இன்னொன்றை அவனே கொன்றுவிட்டான்.

எல்லாம் அந்தக் குங்குமத்தால் வந்த வினை. ஆயுத பூஜையன்று அட்டெண்டர் கொம்பையா டிஸ்குகளுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரன் துடைத்தால் வம்பு என்று இவன் தொடாமல் விட்டான். ஒன்றில் பொட்டு, டிஸ்கின் நிலையைக் காட்டும் சின்ன விளக்கின்மேலேயே அப்பியிருந்தது. அந்தச் சிவப்பைப் பழுது விளக்கு என்று நம்பி நல்ல டிஸ்கை உருவி, புதுசை அங்கே செருகியும்விட்டான் மடையன். இனி உருவியதை மறுபடி செருகினாலும் சிஸ்டம் ஏற்காது.

"விவரமெல்லாம் ஆறு மணிக்குள்ள திரும்ப வரலைன்னா, நாளையிலருந்து நீரு வீட்டுலயே இருந்துக்கிடும் வே" என்று டாக்டர் ஐயம்பெருமாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

போய்த் தப்பை ஒப்புக்கொள்ளலாம் என்று எழுந்தபோது திரையில் எழுத்து ஓடியது. மீட்பு தொடங்கிவிட்டது. நடக்கவே நடக்காத காரியம். எதிலிருந்து எடுக்கிறது? யோசிக்க அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்துகொண்டான்.

போன் அடித்தது. மனைவி இன்பமணி.

"என்னங்க, ஸ்டெபிக்கு என்னமோ மாதிரி இருக்கு. ரெண்டாங் கிளாஸ் படிக்க பிள்ளை, பள்ளிக்கூடம்னா என்னதுன்னு கேக்கா."

"விளையாடுதா. விடு."

திரையில் பாதி முடிந்திருந்தது. மேசைமேலிருந்த டிஸ்கின் சத்தம் கூடியிருந்தது. தொட்டால் சூடு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

மறுபடி போன்.

"அவ பேரே அவளுக்குத் தெரியலங்க. என்னைய யாருங்கா. சீக்கிரம் வாங்க!"

எதிலிருந்து எடுக்கிறது என்று இப்போது அவனுக்குப் புரிந்தது. சுவிட்சை நோக்கிக் கை போனது. அணைத்தால் நிற்கும். அணைத்தால் வேலை போகும்.

திரையில் தொண்ணூறு சதவீதம்.

விரல் சுவிட்சின் மேல்.

இன்னும் கொஞ்சந்தானே. பேரைப் பிறகு சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம்.

கையை எடுத்துவிட்டான்.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

முடிந்தது. ஒரு விவரம்கூடக் குறையவில்லை. மேசைமேலிருந்த டிஸ்க் ஓய்ந்தது.

போன் அடித்தது. எடுத்தான். மறுமுனையில் இன்பமணி ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு, எட்ட நின்று யாருக்கோ எதையோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் பிள்ள. அம்மாவைப் பாரு. மூச்சை இழு... இப்ப விடு. மறக்காத. இழு..."

ஒரு சின்ன இழுப்பு கேட்டது.

"விடு."

விடவில்லை.

"விடு பிள்ள... விடு... விடு..."