மடக்குச் செருகி

காலை ஏழு மணிக்குத் திருமேனி தன் இடது காதுமடலை இரண்டு முறை தேய்த்தான். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் வடக்கே, பனிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவி வடிவு உடனே பேசினாள்.

"இன்னைக்குத்தானே பரீட்சை? கட்டாயம் பாஸ் ஆயிடுவீங்க."

"பாஸானா வடக்கு எக்ஸ்சேஞ்சுல வேலை. குடும்பக் குடியிருப்பும் தருவாங்க. பூமிக்கே திரும்பிடலாம்னு முன்ன சொல்லிட்டிருந்தியே, அந்த நினைப்பு இல்லையே?"

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு. நீங்க சொல்றதுதான் சரி. செவ்வாயிலேயே இருந்துடுவோம்."

திருமேனி நிம்மதியாகப் பல் துலக்கப் போனான். செவ்வாய்க் கிரகத்தின் தெற்குக் கூடாரத்தில் அன்று ஏறக்குறைய எல்லாக் கணவன்மாரும் அதே நிம்மதியோடுதான் பல் துலக்கினார்கள். வடக்கே மனைவிமாரும் அப்படியே. பதினொரு மாதமாக இரண்டு ஊருக்கும் இடையே ஒரு சண்டை இல்லை, ஒரு மனத்தாங்கல் இல்லை. பூமியிலிருந்து வந்த நிபுணர் குழு ஒன்று, ஈர்ப்பு விசை குறைந்த இடத்தில் கோபமும் கனமிழந்துவிடுகிறது என்று நானூறு பக்கத்துக்கு அறிக்கை எழுதிவிட்டுப் போயிற்று.

திருமேனிக்கு நாற்பத்தாறு வயது. காளான் கொட்டகையில் வேலை பார்த்தவன். அந்த வேலையை எந்திரங்கள் எடுத்துக்கொண்டதும் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் தொழில்நுட்பர் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தான். இரண்டு முறை தேறவில்லை. மூன்றாவது முறைதான் கடைசி முறை. இதிலும் போய்விட்டால் தெற்கே எடுபிடி வேலை, வடக்கே மனைவி என்று காலம் முழுக்கக் காது தேய்த்தே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது காதுக்குள் பதித்த கருவியைப் பற்றி. அதில் 'இட்டுநிரப்பி' என்று ஒரு பாகம் உண்டு. செம்புழுதிப் புயல் அடிக்கும்போது பேச்சில் நடுநடுவே சொற்கள் விழுந்துவிடும். விழுந்த சொல்லை ஊகித்து, பேசுபவரின் குரலிலேயே இட்டுநிரப்பும். ஊகம் எப்படி என்றால், கேட்பவர் எந்தச் சொல்லை எதிர்பார்க்கிறாரோ அந்தச் சொல். பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்று பாடநூல் சொல்கிறது. யாருக்குச் சரி என்று சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது. தேர்வாளர் சந்தனமாரி அவனைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மனசு.

"திருமேனி, உங்களுக்குச் சுலபமானதா எடுத்து வச்சிருக்கேன். வடக்கு-தெற்குத் தடம். சொந்தபந்தப் பேச்சு மட்டும் போற வழி. பதினொரு மாசமா ஒரே ஒரு புகார் கிடையாது. ஒரு பார்வை பார்த்துட்டு, 'சரி'ன்னு கையெழுத்துப் போடுங்க. பதினொண்ணரைக்குப் புகார்ப் பலகை காலியா இருந்தா நீங்க பாஸ்."

பக்கத்து அடுக்கில் குனிந்திருந்த சக மாணவன் டார்வின் சிரித்தான். "அண்ணாச்சி, இதுலயும் கோட்டை விட்டீங்கன்னா, அந்தக் காளானுக்கே உங்க மேல பாவமா இருக்கும்."

மற்றவர்களாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டு முறை அவசரப்பட்டுத் தோற்றவன் என்பதால் திருமேனி ஒவ்வொரு கண்ணாடி இழையையும் விரலால் தொட்டுக்கொண்டே போனான். பதினான்காம் அடுக்கின் பின்புறம், தூசிக்கு நடுவே, கட்டைவிரல் அளவில் ஒரு மஞ்சள் செருகி இருந்தது.

அது மடக்குச் செருகி. ஒரு தடத்தைச் சோதிக்கும்போது மாட்டுவது. போன குரலை எதிர்முனைக்கு விடாமல் மடக்கி, பேசியவரிடமே திருப்பி அனுப்பும். சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மாட்டியவர் சீட்டு எழுதித் தொங்கவிட வேண்டும் என்பதும் விதி. சீட்டு இருந்தது: "சோதனைக்காக மாட்டியது. டீ குடித்துவிட்டு வந்து எடுத்துவிடுவேன்." தேதி, பதினொரு மாதத்துக்கு முந்தையது.

திருமேனிக்கு விஷயம் மெல்லத்தான் புரிந்தது. தன் குரலே திரும்பி வந்தால் காதுக்கருவி அதை எதிரொலி என்று நீக்கிவிடும். மிஞ்சுவது வெறும் மௌனம். அந்த மௌனம் முழுவதையும் இட்டுநிரப்பி நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

செருகியைப் பிடுங்கினான்.

இரண்டே நிமிடத்தில் புகார்ப் பலகை சிவந்தது. "எதிர்முனையில் இருப்பவர் நான் முடிப்பதற்குள் பேசுகிறார், கோளாறு." "நான் கேட்காத விஷயமெல்லாம் வருகிறது." "என் மாமியார் குரலில் யாரோ என் சமையலைக் குறை சொல்கிறார். ஆள்மாறாட்டம் என்று சந்தேகம்." இருபது நிமிடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள்.

சந்தனமாரி ஓடிவந்தார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவன் சீட்டை நீட்டினான். வாங்கிப் பார்த்தார். அது அவருடைய கையெழுத்து.

"இப்பத்தான் வடக்கே எங்கம்மாவைக் கூப்பிட்டேன்," என்றார். "வருஷமா நீ ஒருநாள்கூட என்னைக் கூப்பிடலையேடின்னு ஒரே அழுகை. நான் தினமும் பேசினேனே திருமேனி! என்னைப் பெருமையா பேசினாங்களே!" மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகையைப் பார்த்தார். நானூறைத் தாண்டியிருந்தது. "பதினொண்ணரைக்குப் பத்து நிமிஷம் இருக்கு. மாட்டிடுங்க. விதிப்படி பலகை காலியாகணும். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அப்போது திருமேனியின் காதுக்குள் மணி அடித்தது. வடக்கிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்து பதினொரு மாதம் ஆகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, கிளம்பிட்டீங்களா?" வடிவுதான்.

"எங்கே?"

"எங்கேயா? நாளன்னைக்குப் பூமிக்குக் கப்பல். உங்க பேருக்கும் சேர்த்து இடம் போட்டாச்சு. நேத்திக்கூட சரின்னீங்களே!"

"நான் எப்படி சரின்னேன்? நீதான் செவ்வாயிலேயே இருந்துடுவோம்னு இன்னைக்குக் காலையில சொன்னே!"

"காலையில நான் உங்ககிட்ட பேசவே இல்லை. ராத்திரிதான் தினமும் நான் கூப்பிடுவேன்."

"நீ கூப்பிட்டியா? தினமும் கூப்பிடுறவன் நான்!"

செருகியைப் பற்றி விளக்க முயன்றான். "சும்மா சாக்குச் சொல்லாதீங்க" என்றாள். யார் என்ன சொன்னார்கள், யார் முதலில் சொன்னார்கள் என்பதிலேயே எட்டு நிமிடம் போயிற்று. டார்வின் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது, மனைவி இருப்பது வடக்கே. தம்பதிகள் இப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

கடைசியில் வடிவின் குரல் தணிந்தது.

"சரி, போனது போகட்டும். இந்தப் பனிக்குழியில எனக்கு மூச்சு முட்டுதுங்க. பாதி நாள் இருமிக்கிட்டே கிடக்கேன். இங்க இருக்க முடியாது. நீங்க வர்றீங்களா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

திருமேனி கையிலிருந்த செருகியைப் பார்த்தான். வருகிறேன் என்றால் வேலை போயிற்று. வரவில்லை என்றால் அவள் போய்விடுவாள்.

"திருமேனி, ஒரு நிமிஷம்தான் இருக்கு," என்றார் சந்தனமாரி.

"கொஞ்சம் இரு வடிவு," என்று சொல்லிவிட்டு அவன் செருகியைப் பழைய துளையிலேயே வைத்து அழுத்தினான். புகார்ப் பலகையில் விளக்குகள் கொத்துக் கொத்தாக அணைந்தன. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, ஒரு கணவனுக்குரிய அக்கறையோடு சொன்னான்:

"நான் சொல்றதைக் கேளு. கப்பல்ல போட்ட இடத்தை ரத்து பண்ணிடு. நான் அங்க வந்துடுறேன்."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு வடிவின் குரல் தெளிவாக, இருமல் இல்லாமல் கேட்டது.

"சரிங்க. ஏதோ கோபத்துல பேசிட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பலகை காலியாயிற்று. சந்தனமாரி 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருமேனி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒத்துக்கிட்டா மேடம். எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசினா தீர்ந்துடுது."