தூசி என்று கழிக்கப்பட்ட புள்ளி

டாக்டர் ரெஜினா சுவர்த்திரையில் இரண்டு எக்ஸ்ரே படங்களை அருகருகே வைத்தார். ஒன்று, நாட்டின் படங்களையெல்லாம் சேமிக்கும் உருப்பெட்டகத்திலிருந்து வந்த செந்தூரனின் பழைய நெஞ்சுப் படம். மற்றது இன்று காலை எடுத்தது, இன்னும் பெட்டகத்துக்குள் போகாதது; அதில் மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது.

"பழைய படத்துல இது இல்ல. அப்போ புதுசா வளருது. நுரையீரல்ல அந்தப் பகுதிய எடுத்துடறதுதான் நல்லது" என்றார்.

செந்தூரனின் அக்காள் இளவேனில் பழைய படத்தையே பார்த்தாள். புள்ளி அந்தப் படம் எடுத்த அன்றே இருந்திருந்தால் அது ஆறிப்போன தழும்பு, கத்தியே வேண்டாம். இருந்ததா என்று காட்ட இன்று எதுவும் மிச்சமில்லை. மிச்சமில்லாமல் செய்த புண்ணியவதி அவளேதான்.

படக் கோப்புகளைச் சுருக்கும் உருச்சுருக்கி அவள் படைப்பு. ஃபேக்ஸ் கோப்புகளில் இருந்த பழைய உத்தியை எடுத்து வளர்த்தாள். ஒரு பக்கத்தில் 'க' நூறு தடவை வந்தால் நூறு படம் எதற்கு? ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே பதித்தால் கோப்பு சிறுத்துவிடும். எழுத்தோடு ஆசை நின்றதா? முத்திரை, கையெழுத்து என்று போய் எக்ஸ்ரே வரை வந்தது. ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பவை எல்லாம் ஒன்றே. சின்னப் புள்ளிகளை ஸ்கேனரில் ஒட்டிய தூசி என்று இயந்திரம் கழித்துவிடும். நாடே மெச்சியது. சுருங்கிய படங்களைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மூலங்களை எரித்தார்கள். பெட்டகம் காட்டுவதே மூலம் என்று சட்டமும் வந்தது.

"அந்தப் பழைய படம் இவன் நெஞ்சே இல்ல டாக்டர். இவன மாதிரி இருந்த வேற யாரோடதோ" என்றாள்.

டாக்டர் பரிதாபமாகப் பார்த்தார். படத்தின் கீழே செந்தூரனின் பெயர் இருந்தது, பெட்டகத்தின் முத்திரை இருந்தது. அதைச் சந்தேகிக்கத் தனக்கு உரிமையில்லை என்றார்.

"விடுக்கா, உன் மெஷின் பொய் சொல்லுமா?" என்றான் செந்தூரன்.

ஒருவேளை புதிதாகவே இருந்துவிட்டால் என்ற பயத்தில் அவளும் தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

வெட்டி எடுத்ததைச் சோதித்தார்கள். பழைய தழும்புதான். அதன்பிறகு நாலு படி ஏறினாலே செந்தூரனுக்கு இரைத்தது. தன் இயந்திரத்தின் மீதே புகார் எழுதிக்கொண்டு, அவனையும் அழைத்துக்கொண்டு பெட்டக அலுவலகத்துக்குப் போனாள் இளவேனில்.

அதிகாரி, அறுவைக்குப் பின் எடுத்த படத்தைப் பெட்டகத்திலிருந்து திறந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ரெண்டு நுரையீரலும் முழுசா இருக்கே மேடம். இவருக்கு ஆபரேஷனே நடக்கலையே."

செந்தூரன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். விலாவில் தையல் தடம் இன்னும் சிவந்திருந்தது. அதிகாரி சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் சார். பெட்டகத்துல இல்லாதத நான் பார்க்கக் கூடாது."

செந்தூரன் மூச்சு வாங்கியபடி பொத்தான்களைத் திரும்பப் போடத் தொடங்கினான்.