கண் வைத்து, மூக்கு வைத்து…

மோதிய வேகத்தில் அவள் கையிலிருந்த புத்தகக் கட்டு, வராந்தாவில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

"கண்ணை எங்க சார் வச்சுட்டு நடக்கறீங்க?"

"நான் நடக்கவே இல்ல மேடம். நின்னுட்டு இருந்தேன். ஓடி வந்தது நீங்க."

நிமிர்ந்தாள். நிமிர்ந்தது தப்பு… அவன் இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

அவள், பள்ளியின் கடைசி வருட வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். விட்டுப்போன கமாவுக்கெல்லாம் மார்க் வெட்டுவதால் பசங்க வைத்த பெயர் கமா டீச்சர். அவன் அன்றுதான் தற்காலிகமாகச் சேர்ந்த கெமிஸ்ட்ரி சார். பள்ளி விடுவதற்குள் அவனுக்கும் பீக்கர் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

நனைந்த புத்தகங்களை அவனே அள்ளிக்கொண்டு போனான். லேபில் கண்ணாடிக் குடுவைகளை உலர்த்தும் சூட்டுப் பெட்டிக்குள் அடுக்கினான். மறுநாள் ஒவ்வொன்றும் சுருட்டை முடிக்காரனாகத் திரும்பி வந்தது.

"யாரைக் கேட்டு சார் இதையெல்லாம் சுட்டீங்க?"

"சுடல… காயவச்சேன். காயற நேரத்துல படிச்சும் பார்த்தேன். லாஜிக்கே இல்ல மேடம்."

கட்டு முழுக்க அவள் வகுப்புக்கான ஒரே நாடகத்தின் பிரதிகள். பியூரிட்டன்கள் என்ற கெடுபிடியான கிறிஸ்தவர்கள் வாழ்ந்த பழைய ஊர் ஒன்றைப் பற்றியது. சிரித்தால் குற்றம், ஆடினால் பாவம். யாரோ விரல் நீட்டி 'சூனியக்காரி' என்றால் தூக்கு.

"நாலு பொண்ணுங்க கை நீட்டினா ஒரு ஊரே நம்பிடுமா?"

"ஊருக்கு லாஜிக் எதுக்கு சார்?"

அந்தச் சண்டை மழைக்காலம் முழுக்க நடந்தது. ஸ்டாஃப் ரூமில், டீ ஆறும்வரை… ஆறிய பிறகும். தினமும் வீட்டிலிருந்தே பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தாள். எல்லாம் இலக்கிய ஆர்வம் என்றுதான் நினைத்துக்கொண்டாள்… பாவம்.

"பேச்செல்லாம் சரி மேடம். எங்க டிபார்ட்மெண்ட்ல செய்து காட்டினாத்தான் ஒத்துக்குவோம்," என்றான் ஒருநாள்.

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை வகுப்பில் அறிவித்தாள். "யாருக்கும் வலிக்காத ஒரு பொய். ஒரே ஒருத்தர் காதுல போடுங்க. மதியத்துக்குள்ள அது எங்க போய் நிக்குதுன்னு பார்க்கலாம். என்ன பொய்னு இப்ப எனக்குச் சொல்ல வேண்டாம்."

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மதியம் லைப்ரரியன் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்டகூட மறைச்சிட்டியேடி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லாம் முடிஞ்சிடுச்சாமே?"

"யாருக்குக்கா?"

"உனக்கும் பீக்கருக்கும்."

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. 'கமா டீச்சருக்கு பீக்கர் சாரைப் பிடிச்சிருக்கு.' பசங்க கிளப்பியது அவ்வளவுதான். அதற்குக் கண் வைத்து, மூக்கு வைத்து, கல்யாணத்தையே முடித்து வைத்துவிட்டது பள்ளிக்கூடம். அவள் மூச்சு விடுவதற்குள் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் அவளுக்குப் பெரியப்பா. வீட்டில்தான். பள்ளியில் 'சார்'. சொந்தக்காரப் பெண் என்று சலுகை காட்டிவிட்டார் என யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாது என்பதில் குறியாக இருப்பவர். ஸ்டாஃப் ரூமில் காதல் என்றால் இருவரில் ஒருவர் வெளியே… அது அவர் போட்ட சட்டம்.

பீக்கர் ஏற்கெனவே நின்றிருந்தான். மேசைமேல் அவனுடைய நிரந்தர வேலைக்கான ஆர்டர். கையெழுத்துதான் பாக்கி. அதற்காகத்தான் லீவு போட்டவர்களின் இடங்களில் பள்ளி பள்ளியாக அவன் அலைந்தது.

"கிளாஸ் எக்ஸர்சைஸ் சார்," என்றாள் ஒரே மூச்சில். "பசங்க கிளப்பின பொய். எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்ல."

பெரியப்பா அவன் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதையே சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

அவன் பார்வை மேசைமேலிருந்த ஆர்டரில் நின்றது. சொல்லித் தொலையேன்… ஒரு 'இல்ல'தானே…

"கல்யாணம் பொய் சார். மேடத்துக்கு என்னைப் பிடிக்கும்கறதும் பொய்தான், அவங்களே சொல்லிட்டாங்க." அவன் குரல் தணிந்தது. "ஆனா எனக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. அது என்னால முடியாது."

பெரியப்பா பேனாவை மூடினார்.

"ரூல் ரூல்தான் சார்."

"தெரியும் சார்." வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

பேசாமல் நின்றால் போதும். அவள் வேலை பத்திரம், பெயர் பத்திரம். கதவுக்கு அவன் கை போனது…

"பெரியப்பா."

"ஸ்கூல்ல நான் பெரியப்பா இல்லம்மா."

"அதான் பெரியப்பான்னு கூப்பிடறேன். சார்கிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது." தரையைப் பார்த்தாள். "பொய் சொன்னது பசங்க இல்ல… நான்தான். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா."

பெரியப்பா ஆர்டரை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க… தம்பி."

வாத்தியார் யாரையும் அவர் 'சார்' தவிர வேறு சொல்லி அழைத்து அவள் கேட்டதில்லை.

வெளியே மழை மறுபடி பிடித்திருந்தது.

"வேலை போச்சே…" என்றாள்.

"போச்சு. வேற பார்த்துக்கலாம். உள்ள ஒண்ணு சொன்னீங்களே… அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"வேலை இல்லாத ஆளுக்கு ஆசையைப் பாரு."

"வேலை தேடப் போறவனுக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டாமா மேடம்?"

ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை காதுகளுக்கும் எட்டாதபடி, அவன் பக்கமாகச் சாய்ந்து, சொன்னாள்.