நாலு இருபதில் நின்ற கடிகாரம்

பெல்ஃபாஸ்ட். எண்பதுகளின் ஒரு மார்ச் காலை.

வீட்டுப் பின்சந்தில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே மாலகி டோனர் கிடந்தான்.

தலையில் ஒற்றைக் குண்டு!

முதலில் பார்த்தவள் மனைவி டிம்ப்னா. 'ராத்திரி எப்பவோ...' என்று டாக்டர் கையை விரித்தார். துப்பாக்கிச் சத்தத்துக்கெல்லாம் அந்தத் தெருவில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

முப்பது வருஷம் அயர்லாந்து விடுதலை இயக்கத்துக்கு உழைத்தவன். ஊர்வலம், சுவரொட்டி, இரண்டு முறை சிறை. மகன் ரோனனும் உள்ளே போய், போன மாதம்தான் எதிர்பாராமல் வெளியே வந்திருந்தான்.

டிம்ப்னாவுக்கு வேண்டியது ஒன்றுதான். சவப்பெட்டி மேல், இயக்கம் தன் ஆட்களுக்கு மட்டும் தரும் அயர்லாந்து மூவர்ணக் கொடி. அது இல்லையென்றால், காட்டிக் கொடுத்தவன் என்று தெருவே காறித் துப்பும்.

மத்தியானம் கொடியோடு வந்தான் ஃபெர்கஸ். மாலகியின் இயக்கத் தோழன். அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

எத்தனையோ சாவு வீடு பார்த்த கை அவனுடையது. நிலைக்கண்ணாடியை மூடினான். உயிர் போன நேரத்தைக் காட்டும்படி கடிகாரத்தை நிறுத்தி வைப்பது ஊர் வழக்கம். முள்ளைத் திருப்பி அதையும் நிறுத்தினான்.

டீ கொண்டு வந்த டிம்ப்னா நிமிர்ந்து பார்த்தாள்.

நாலு இருபது...

அது யாருக்குமே தெரியாதே!

அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நாலு இருபதுன்னு உனக்கு யாரு சொன்னா, ஃபெர்கஸ்?"

கடித்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தான் ஃபெர்கஸ்.

"கைப்பழக்கம்... கெடுத்துடுச்சு."

"நீதானா?"

"இயக்கத்தோட உத்தரவு. நம்மாளுங்க ஒளிஞ்சிருந்த வீட்டையெல்லாம் போலீஸ் வரிசையா புடிச்சுது. அந்த வீடுங்க அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"அவரு இல்லைன்னு சொல்லலையா?"

"கேட்டதும் ஒத்துக்கிட்டான். 'நான்தான். வீட்ல யாருக்கும் தெரியாது'ன்னு ரெண்டு தடவ சொன்னான். கொடி நான் பாவம் பார்த்துக் கொண்டாந்தது. நாளைக்கு தெருவுக்கே விஷயம் தெரிஞ்சிடும்."

டிம்ப்னா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

படுக்கையில் மாலகி அவளிடம் எதையும் மறைத்ததில்லை. 'மகனை விடுகிறோம்' என்று போலீஸ் ஆசை காட்டியபோது, அவளும் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை!

கடைசியில் அந்த மனுஷன் அதையும் கண்டுபிடித்திருக்கிறான். கண்டுபிடித்து, வாயை மூடிக் கொண்டு செத்திருக்கிறான்.

கூடத்தில் ஜெபமாலை ஆரம்பித்தது.

"அடக்கம் முடிஞ்சதும் நானே வந்து கடிகாரத்துக்கு சாவி குடுக்கறேன்" என்றான் ஃபெர்கஸ்.

"வேணாம். அந்த வீடெல்லாம் எனக்கும் தெரியும், ஃபெர்கஸ். சாவி குடுத்துட்டு உடனே எனக்காக மறுபடி நிறுத்தணும்னா... உனக்கு எதுக்கு ரெட்டை வேலை?"