எடுக்காத விரல்

பூட்டிக் கிடந்த வீட்டைப் பிற்பகலில் திறந்தபோது, மருந்து நெடி முகத்தில் அறைந்தது. அப்பா போய்ப் பத்தொன்பது நாள். தூக்கமில்லாத தம்பி சுவரைப் பிடித்தபடி வந்தான். அண்ணன் நடையில் மட்டும் விறைப்பு குறையவில்லை. தலை குனிந்து பழகாத குடும்பம்.

அப்பாவின் கைபேசி கட்டிலில், சார்ஜரில் செருகியபடியே கிடந்தது.

அதிலிருந்த ஆபத்து உதவிச் செயலி அண்ணனின் கம்பெனியுடையது, எழுதியவன் தம்பி. சிவப்புப் பொத்தானை, அதைச் சுற்றிய வட்டம் நிறையும்வரை மூன்று விநாடி அழுத்திப் பிடித்து விரலை எடுத்தால், பிள்ளைகளுக்கு அழைப்பு போகும். தெரியாமல் கை பட்டுவிடக் கூடாதென்று, பிடித்திருக்கும்போது விரல் இம்மி நகர்ந்தாலும் ரத்தாகும்படி வைத்திருந்தான். சோதித்ததெல்லாம் தன் நடுங்காத விரலால்.

"வட்டம் நிறையவே மாட்டேங்குதுடா" என்று கைநடுக்கமுள்ள அப்பா ஒருமுறை சொன்னார்.

"ஒழுங்கா அழுத்துங்கப்பா" என்று தம்பி சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இப்போது அந்தக் கைபேசியில் செயலியின் பதிவைத் திறந்தான். அப்பா போன தேதியில் பதினொரு முயற்சிகள். இரண்டு விநாடி, விரல் நகர்ந்தது, ரத்து. இரண்டரை விநாடி, ரத்து.

பன்னிரண்டாவது ரத்தாகவில்லை.

விரலை எடுத்த குறிப்பும் இல்லை. விநாடிகள் பதினாறு லட்சத்தைத் தாண்டி, கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தன.

"அண்ணா, இன்னும் யாரோ அழுத்திட்டிருக்காங்க."

"உளறாதே. அழிச்சிடு. பெத்த அப்பனுக்கே உதவாததை ஊருக்குக் குடுத்தானுங்கன்னு தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்."

"கை நடுங்குறவங்க எத்தனை பேர் இதை நம்பிட்டிருக்காங்க? சொல்லிடலாம்ணா."

"பெரிய யோக்கியன்! கொண்டா இப்படி."

பதிவை அழிப்பதற்கும் அதே மூன்று விநாடிதான். அண்ணன் கட்டைவிரலை வைத்தான். வட்டம் நிறைந்தது.

விரலை எடுக்கவில்லை.

"எடுண்ணா."

"வரலடா" என்றான், மூச்சு மட்டும் பேசுவதுபோல. அவன் நகம் வெளுத்திருந்தது.

பதிவில் புதிதாக ஒரு வரி வந்தது.

விரல்கள்: இரண்டு.

அறையில் அப்பா தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை எழுந்தது. அண்ணனின் கழுத்து மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

"சொல்லிடுடா. எல்லாருக்கும் சொல்லிடு."

தம்பி தன் கைபேசியை எடுத்தான். 'எங்கள் செயலி எங்கள் அப்பாவைக் காப்பாற்றவில்லை. கை நடுங்குபவர்கள் இதை நம்ப வேண்டாம்.' பயன்படுத்தும் எல்லோருக்கும் அனுப்பினான்.

அண்ணனின் விரல் விடுபட்டது. அவன் சுவரில் சாய்ந்து சரிந்து, கையை மார்போடு பொத்திக்கொண்டான்.

முடிந்தது என்ற களைப்போடு தம்பி திரையைப் பார்த்தான். உள்ளழுந்திய பொத்தான் மேலே எழவில்லை.

விரல்கள்: ஒன்று.